மனனமும் அகராதியும்

கணினியும் கைப்பேசியும் நம்முடைய ஞாபகசக்தியைத் தம்மிடம் வாங்கிக்கொண்டன என்று இன்று பேசுகிறோம். ஞாபகத்தை நெஞ்சினின்றும் பெயர்த்து வெளியே ஒரு கருவியில் வைக்கும் அக்காரியத்தில் தமிழ் கண்ட பெரிய திருப்பங்களுள் ஒன்று, அரியலூர்ச் சீமையில் கொள்ளிடத்துக்கு வடக்கேயுள்ள ஏலாக்குறிச்சியோடு சம்பந்தமுடையது.

முற்காலத்துத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைக்கு அகராதி நாவிலேயே இருந்தது. மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் 12 தொகுதிகளை உரக்கச் சொல்லி நெட்டுருப் போடுவான். எதுகை ஓரடியின் பின் மற்றோரடியை இழுத்து வரும். ஒரு பதத்திற்குப் பொருள் வேண்டுமாயின் பாட்டு முழுவதையும் மனத்துள் ஓட்டிப் பார்க்கவேண்டும். மனனமில்லாதவனுக்குச் சுவடி கையிலிருந்தும் பெரும் பிரயோசனமில்லை.

ரேவண சித்தர் 1594-இல் அகராதி நிகண்டில் முதலெழுத்து வரிசையைக் கையாண்டார். ஆயினும் அதுவும் செய்யுளே. இத்தாலியில் 1680-இல் பிறந்து, ஏலாக்குறிச்சியில் நெடுங்காலம் தங்கி, அவ்வூர் மாதாவின்மேல் திருக்காவலூர்க் கலம்பகம் பாடிய வீரமாமுனிவரே, 1732-இல் செய்யுளை விடுத்து, பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பகுதிகளில் சொற்களை அகர வரிசையில் நிறுத்திச் சதுரகராதி செய்தார். எழுத்து வரிசை அறிந்த எவரும், ஒரு பாட்டையும் நெட்டுருப் போடாமலே, வேண்டிய சொல்லைத் தேடி எடுக்கலாயிற்று. இன்று நாம் கைப்பேசியில் சொல்லைத் தட்டித் தேடுவதற்கு இதுவே முன்னோடி என்பது என் துணிபு.

எழுத்தில் அவர் செய்த திருத்தம் இன்னும் நுட்பமானது. ஓலையில் எழுதுவோர் புள்ளியிடுவதில்லை; குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்பு; ஆகவே ‘கொடு’ என்றிருப்பது கொடுவா, கோடா என்பதைப் படிப்பவனது அறிவே நிர்ணயிக்கவேண்டும். நெடிற் கொம்புக்கு மேலே ஒரு சுழியைக் கொடுத்து, அந்தப் பாரத்தைப் படிப்பவன் மனத்திலிருந்து இறக்கி எழுத்தின்மேலேயே முனிவர் ஏற்றிவைத்தார்.

இவ்வளவாகியும் ஆசிரியருடைய ஸ்தானம் காலியாகவில்லை. நூறாண்டுக்கு மேற்பட்ட பின்பும், 1855-இல் பிறந்த உ. வே. சாமிநாதையர் அரியலூரில் சடகோபையங்காரிடமும், பெரம்பலூரை அடுத்த செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் பாடம் கேட்டார். யாப்பருங்கலக்காரிகையை அவருக்கு விளக்கியது ரெட்டியாரின் வாய்மொழியே. சொல்லின் பொருளை அகராதி தரும். செய்யுளில் அச்சொல் நிற்கும் நயத்தை உணர்த்த ஒரு மனிதர் எதிரே இருக்கத்தான் வேண்டும்.

ஓலையைக் கடந்து அச்சேறிய அச்சுழி, யூனிகோடு முறையிலும், எகரக் கொம்பு வேறு, ஏகாரக் கொம்பு வேறு எனத் தனித்தனி எண்களாக நிலைபெற்றிருக்கிறது. முனிவர் வாழ்ந்த ஏலாக்குறிச்சியின் பெயரைக் கைப்பேசியில் எழுதுவோர் முதலில் தொடும் எழுத்தும், எகரத்தினின்று அவர் பிரித்துக் காட்டிய ஏகாரமே.