சீனியர் சொல்லும் பாடம்: ஆக்லாந்து முதல் எழும்பூர் வரை

நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் உயிரியல் துறையில் 1990களின் தொடக்கத்தில் ‘துவாகானா’ என்ற திட்டம் பிறந்தது. மாவோரி உறவுமுறையில் துவாகானா மூத்த உடன்பிறப்பு, தெய்னா இளையவர். மாவோரி, பசிபிக் தீவு மாணவர்கள் பலர் முதலாண்டிலேயே தடுமாறினர். அதே சமூகங்களிலிருந்து வந்து அந்தப் பாடங்களை முடித்திருந்த மூத்தவர்கள் அவர்களைச் சிறு குழுக்களாகச் சேர்த்துப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். பின்னர் இம்முறை மற்ற துறைகளுக்கும் பரவியது.

மாணவரே மாணவருக்குக் கற்பிப்பது ஆசிரியர் செலவை மிச்சப்படுத்தும் வழியா, அல்லது ஆசிரியரால் தர இயலாத ஒன்றைத் தரும் முறையா?

முதல் விடையின் வரலாறு சென்னையில் தொடங்குகிறது. 1789இல் எழும்பூர் ஆண்கள் அநாதை விடுதியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் ஆசிரியர்கள் அம்முறையைப் பின்பற்ற இணங்காததால் சிறுவர்களையே கற்பிக்க வைத்தார். திண்ணைப் பள்ளியில் மற்றவர்களுக்குப் பாடம் சொல்லும் சட்டாம்பிள்ளையை அறிந்த ஊருக்கு அது புதுமையல்ல. 1797இல் லண்டனில் பெல்லின் அறிக்கை அச்சேறியது. ஜோசப் லங்காஸ்டரும் இதையொத்த முறையை நடத்த, ஒரே ஆசிரியரின்கீழ் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அமர்ந்தனர். சிக்கனம் அதன் கவர்ச்சி. மனப்பாடம் அதன் எல்லை.

இருபதாம் நூற்றாண்டின் அனுபவம் இரண்டாம் விடையை வலுப்படுத்துகிறது. 1970களில் கலிபோர்னியாவின் பெர்க்லி வளாகத்தில் யூரி டிரைஸ்மன் ஒரு வேறுபாட்டைக் கவனித்தார். நுண்கணிதத்தில் தேறிய சீன அமெரிக்க மாணவர்கள் கூடிப் படித்தார்கள். தோற்ற கறுப்பின மாணவர்கள் தனித்தே உழைத்தார்கள். அவர் அமைத்த குழுக்களில் எளிய பயிற்சிகள் தரப்படவில்லை. கடினமான கணக்குகளே தரப்பட்டன. 1973இல் மிசௌரி-கான்சஸ் சிட்டி பல்கலைக்கழகத்தில் டியானா மார்ட்டின் தொடங்கிய துணைப் பயிற்சியும் பலவீனமான மாணவரைத் தேடவில்லை, பலர் தோற்கும் பாடத்தையே தேடியது. அதனால் அங்கே போவதில் அவமானம் இல்லை.

மூத்த மாணவர் தவறாகச் சொல்லிக்கொடுத்தால் என்ன செய்வது? நியாயமான அச்சம்தான். அதனால்தான் மிசௌரி முறையில் வழிநடத்தும் மாணவர் பயிற்சி பெறுகிறார். விரிவுரையில் மீண்டும் உட்காருகிறார். விடையைச் சொல்லாமல் கேள்வியைக் குழுவிடமே திருப்பிவிடுகிறார். பேராசிரியர் தாம் எங்கே திணறினோம் என்பதை எப்போதோ மறந்திருப்பார். போன வருடம் திணறியவருக்கு அது நினைவிருக்கும். ஆக்லாந்து இதோடு உறவையும் சேர்த்தது. தன்னைப் போன்ற ஒருவர் தேறியிருக்கிறார் என்பதைப் புதியவர் நேரில் காண்கிறார்.

தமிழ்நாட்டில் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் கட்டணச் சலுகை கல்லூரி வாசல்வரைதான் துணைவரும். முதலாண்டுக் கணிதத்தில் விழும் அரியரை அது தடுக்காது. அந்தப் பாடத்தைத் தாண்டிய சீனியர்களைத் தேர்ந்து, பயிற்சியும் ஊதியமும் தந்து, வாராந்தரக் குழுக்களைக் கால அட்டவணையிலேயே கல்லூரிகள் சேர்க்க வேண்டும். ஆசிரியர் பணியிடங்களைக் காலியாக வைத்திருக்க மட்டும் இதைச் சாக்காக்கக் கூடாது.