குரலை எடுத்துவிட்ட பாட்டு

பிற்பகல் ஷிப்டு மாறுகிற வேளையில் ஒரகடம் கூட்டுரோட்டில் நின்று பார்த்தவர்களுக்கு, சிப்காட் வாயில்களிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாய் வெளிப்படும் கம்பெனி பஸ்களின் கோலாகலத்தை நான் வர்ணிக்க வேண்டியதில்லை; அந்தப் பஸ்களில் ஒன்றில், தெரிந்த ஓட்டுநர் ஒருவரின் தயவால் ஸ்ரீபெரும்புதூர் வரை பிரயாணம் செய்தபோது நேர்ந்த சிறு அனுபவமே இந்தக் கட்டுரைக்கு வித்து. பஸ்ஸில் ‘பொன்மகள் வந்தாள்’ ஒலித்துக்கொண்டிருந்தது. 1970இல் வந்த ‘சொர்க்கம்’ படத்துக்காக எம். எஸ். விசுவநாதன் மெட்டமைத்து, டி. எம். சௌந்தரராஜன் பாடிய அந்தப் பாட்டை, 2007இல் ‘அழகிய தமிழ் மகன்’ படத்துக்காக ஏ. ஆர். ரகுமான் ரீமிக்ஸ் செய்திருந்தார். கழுத்தில் அடையாள அட்டையோடு பக்கத்தில் அரைத்தூக்கத்தில் இருந்த பையனிடம் மூலப் பாட்டின் பூர்வோத்தரத்தைச் சொன்னேன். “அப்படியா சார்? நான் விஜய் பாட்டுன்னு இல்ல நெனச்சுட்டிருந்தேன்!” என்றான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

ஒருவர் கட்டிய பாட்டை இன்னொருவர் பிரித்துக் கட்டலாமா என்ற விவாதத்தில் நம்மவர்கள் பெரும்பாலும் புதிதாக என்ன சேர்ந்திருக்கிறது என்பதையே பார்த்து ஆனந்தமோ ஆத்திரமோ அடைகிறார்கள். என் அபிப்பிராயத்தில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: பழைய பாட்டிலிருந்து எதை எடுத்தார்கள்?

இந்தக் கேள்வியையே ஒரு சங்கீதமாக வளர்த்தவர்கள் ஜமைக்கா தீவினர். 1960களின் பிற்பகுதியில், கிங்ஸ்டன் நகரில் டியூக் ரீட் என்பவருக்குச் சொந்தமான ட்ரெஷர் ஐல் ஒலிப்பதிவுக் கூடத்தில், தெருவோர நடனங்களுக்கு ஒலிபெருக்கி வைத்துத் தட்டு ஓட்டிவந்த ரூடி ரெட்வுட் என்பவருக்காக பாரகன்ஸ் குழுவின் பாட்டொன்றைத் தனித்தட்டில் வெட்டிக் கொடுத்தபோது, குரல் பதிவாகியிருந்த தடம் சேராமல் போய்விட்டது. வெறும் வாத்தியங்கள் மட்டும் விழுந்த அந்தத் தட்டை அவர் தம் நடனக் கூட்டத்தில் ஓட்ட, விடுபட்ட குரலின் இடத்தை ஜனங்கள் தாங்களே பாடி நிரப்பினார்கள் என்பது அங்கே சரித்திரமாகிவிட்ட சம்பவம். அதன்பின் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் பாட்டும், மறுபக்கத்தில் குரலில்லாத ‘வெர்ஷன்’ என்ற வடிவமும் போடுவது சம்பிரதாயமாயிற்று. அதைப் பூரணமான கலையாக்கியவர் கிங் டப்பி. இயற்பெயர் ஆஸ்பர்ன் ருட்டக். வித்துவான் அல்லர், வானொலியும் ஆம்ப்ளிபயரும் பழுதுபார்க்கிற எலக்ட்ரீஷியன்! வாட்டர்ஹவுஸ் என்ற ஏழைப் பேட்டையில், டிராமிலி அவென்யூவில் இருந்த தம் வீட்டிலேயே, நான்கு தட மேசை ஒன்றை வைத்துக்கொண்டு, பாடகர் ஒரு சொல்லைத் தொடங்கும்போதே குரலைத் தள்ளி, மிஞ்சிய அரைச்சொல்லை எதிரொலியில் விட்டு, டிரம்மையும் பேஸையும் மாத்திரம் தனியே நடக்கவிடுவார். கோயில் மணி அடித்து ஓய்ந்த பிறகும் காதில் நிற்கிறதே கார்வை, அதைப் பாட்டு நெடுகிலும் பரப்பியதுபோல் இருக்கும். இதற்கு டப் என்று பெயர். 1989இல் வீட்டு வாசலில் அவரை யாரோ சுட்டுக் கொன்றார்கள்.

மேல்நாட்டு ராக் சங்கீதத்துக்கும் பிறகு இந்தச் சிகிச்சை நடந்தது. 1973இல் இங்கிலாந்தின் பிங்க் பிளாய்ட் குழு வெளியிட்ட ‘டார்க் சைட் ஆஃப் தி மூன்’ என்ற புகழ்பெற்ற தொகுப்பு முழுவதையும், நியூயார்க்கின் ஈஸி ஸ்டார் ஆல்-ஸ்டார்ஸ் குழுவினர் ஜமைக்காவின் ரெகே தாளத்தில் புதிதாக வாசித்து, டப் முறையில் கலந்து, 2003இல் ‘டப் சைட் ஆஃப் தி மூன்’ என்று வெளியிட்டார்கள். மூலத்தின் வேகமும் பளபளப்பும் போய்விட்டன. பாட்டின் எலும்பு தெரிந்தது.

இதையெல்லாம் கடல்கடந்த விநோதம் என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் போகும் இந்தப் பெருஞ்சாலையின் கிழக்கு முனையில் புனித ஜார்ஜ் கோட்டை, மேற்கே காஞ்சி. இரண்டோடும் சம்பந்தப்பட்டவர் முத்துசுவாமி தீட்சிதர். சென்னையை அடுத்த மணலியில் அவர் குடும்பம் ஜமீன்தார் முதலியார் வீட்டு ஆதரவில் இருந்த இளமைக் காலத்தில், கோட்டையில் கும்பினியாரின் பேண்டு வாத்தியத்தைக் கேட்டார். பின்னாளில் காஞ்சியில் சில ஆண்டுகள் வாசம் செய்தார். கோட்டையில் கேட்ட மெட்டுகளுக்கு அவர் இயற்றிய சாகித்தியங்கள் ஏறத்தாழ 40. ‘நோட்’ என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்தே நோட்டுஸ்வரம் என்ற பெயர் பிறந்தது. ஆங்கிலேயர் தம் அரசனை வாழ்த்தும் மெட்டில் அவர் பாடிய ‘சந்ததம் பாஹிமாம்’ சியாமளாதேவியின் ஸ்துதி. அரசன் போய் அம்பாள் வந்ததை எல்லோரும் சொல்லி ரசிப்பார்கள். நான் வியப்பது வேறொன்றை. ஒரு சுரத்தை அசைத்து அசைத்து விளம்ப காலத்தில் மலைபோல் எழுப்பக்கூடிய அந்த மகாவித்துவான், இந்தப் பாட்டுகளில் தம் கமகங்களைத் தொடவே இல்லை; சங்கராபரணத்தின் நேர்சுரங்கள், குழந்தை நடைபழகுவதுபோல், ஒவ்வொன்றாய் நிற்கின்றன. அவர் எடுத்துவிட்டது தம் சொந்த வித்தையை! 1835இல் எட்டயபுரத்தில் மறைந்தவரின் கிருதிகளைச் சபைகளில் மெய்ம்மறந்து கேட்பவர்கள், இந்தச் சின்னப் பாட்டுகளைப் பிள்ளைகளின் பாலபாடமாக ஒதுக்கியது எனக்கு மனத்தாங்கல்.

நம் சினிமா ரீமிக்ஸ்களில் பெரும்பாலானவை எதையும் எடுப்பதில்லை. பல்லவி, சரணம் எல்லாம் அப்படியே இருக்க, மேலே இயந்திரத் தாளமும் நடுவே வேகப் பேச்சும் ஏற்றப்படும். ஒரு சுவரும் இடிக்காமல் முகப்பில் மட்டும் நீலக்கண்ணாடி ஒட்டிய கல்யாண மண்டபம்போல. விதிவிலக்காக ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், மலேசியத் தமிழரான யோகி பி 2006இல் ‘வல்லவன்’ தொகுப்பில் கையாண்ட ‘மடை திறந்து’. 1980இல் ‘நிழல்கள்’ படத்துக்கு இளையராஜா அமைத்த அந்தப் பாட்டின் பல்லவியை வைத்துக்கொண்டு, சரணங்களைக் களைந்து, அந்த இடத்தில் தம் சொல்லை நிறுத்தினார். துணிச்சல்தான்.

கடைசியாக, ஸ்ரீபெரும்புதூரிலேயே கோடிக்கணக்கில் உற்பத்தியான ஒரு மறுவார்ப்பு உண்டு. ஸ்பெயின் தேசத்துக் கிதார் வித்துவான் பிரான்சிஸ்கோ தாரேகா 1902இல் இயற்றிய ‘கிரான் வால்ஸ்’ என்ற உருப்படியிலிருந்து நான்கே அளவைகளை, 13 சுரங்களை மட்டும் அறுத்தெடுத்து, 1994இல் நோக்கியா கம்பெனி தன் செல்பேசிக்கு அழைப்புமணியாக வைத்தது. டப்பியார் மெட்டைத் தள்ளி அடித்தளத்தை வைத்துக்கொண்டார்; இவர்கள் அடித்தளம் முழுவதையும் தள்ளி மெட்டை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 2006இல் ஸ்ரீபெரும்புதூர் சிப்காட்டில் நோக்கியா ஆலை திறந்தது. உச்சக் காலத்தில் சுமார் 8,000 பேர், பெரும்பாலும் இளம்பெண்கள், அங்கே நேரடியாக வேலை பார்த்தார்கள். பஸ் நிலையத்திலும் டீக்கடையிலும் தாரேகாவின் பெயரறியாத பத்துப் பைகளிலிருந்து அந்த 13 சுரங்கள் ஒரே சமயத்தில் கிளம்ப, பத்துப் பேரும் தத்தம் பையைத் தடவிய காட்சி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வரித் தகராறும் கைமாற்றமும் சூழ்ந்து, 2014 நவம்பர் 1 அன்று ஆலை நின்றது. பின்னர் அதே வளாகத்தில் வேறொரு கம்பெனி செல்பேசி சார்ஜர் செய்யத் தொடங்கியது.