தட்டெலும்பு: ஒரு கைப்பிடியின் சரித்திரம்

திருநீர்மலை ஏரிக்கரையை ஒட்டிய வீடொன்றின் பரணிலிருந்து அந்த எலும்பை இறக்கிக் காட்டியவருக்கு அப்போதே எழுபது தாண்டியிருக்கும். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு. ஏதோ பெரிய மிருகத்தின் தொடையெலும்பு. மாடா, மிளாவா என்று அவருக்கே தெரியாது. உள்துளையில் ஈயம் உருக்கி ஊற்றி அடைத்திருந்தது. கை பட்டுப்பட்டு, எண்ணெய் ஏறி, பழந்தந்தம் போல மஞ்சள் பூத்திருந்தது. நான் முதலில் அதை மந்திரவாதச் சாமான் என்றே நினைத்தேன் என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும். உழைப்பின் கருவியைப் பார்த்து 'சடங்கு' என்று வாசிக்கிற கண் நமக்குப் படிப்பு கொடுத்த கண்.

அது கள் இறக்கும் கருவி. விரியாத தென்னம்பாளையை நாரால் இறுகக் கட்டி, நாள்தோறும் மேலிருந்து கீழாக, சுற்றிச்சுற்றித் தட்ட வேண்டும். மேல்தோல் கிழியக்கூடாது, உள்ளிருக்கும் பூ மட்டும் கன்ற வேண்டும். பிறகு நுனியைச் சீவிச்சீவி வந்தால் சில நாட்களில் சொட்டத் தொடங்கும். "தட்டுறதுன்னா அடிக்கிறது இல்ல தம்பி, பாளைக்கே தெரியாம தட்டணும். கட்டையில தட்டினா தோலு நஞ்சிரும். எலும்பு வழவழன்னு போவும், ஈயம் கனம் குடுக்கும்." கேரளத்துச் செத்துத் தொழிலாளிகளிடம் இந்த எலும்பு சாதாரணம். இவர் 1987க்குப் பிறகு பாலக்காட்டுப் பக்கம் சித்தூர்த் தோப்புகளில் சில வருஷம் ஏறியவர். எலும்பு அங்கே கிடைத்தது. ஈயம் இவரே ஊற்றியது. பனைக்கு எலும்பு உதவாது, ஆண்பாளையை இடுக்கிக் கட்டையால் நசுக்கத்தான் வேண்டும் என்றும் சொன்னார்.

அமெரிக்காவில் பீர்க் குழாயின் கைப்பிடியை வீட்டிலேயே செய்வது ஒரு பொழுதுபோக்கு. மான்கொம்பு, பழைய ஸ்பானர், உடைந்த ஹாக்கி மட்டை, எதுவும் ஆகும். இந்தப் பொழுதுபோக்குக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1933ல் அங்கே மதுவிலக்கு நீங்கிய பின், குழாயில் வருவது யாருடைய பீர் என்று குழாய்த் தலையிலேயே தெரிய வேண்டும் என்று சட்டங்கள் கேட்டன. உருண்டைக் குமிழ்களில் கம்பெனிப் பெயர் ஏறியது. குமிழ் வளர்ந்து கைப்பிடியாகி, விளம்பரமாகி, கடைசியில் கைவினையாயிற்று.

இங்கே சட்டம் கருவிக்குப் பெயர் கொடுக்கவில்லை, மரத்துக்கு எண் கொடுத்தது. 1886ஆம் வருஷத்து மதராஸ் ஆப்காரிச் சட்டத்தின் காலத்தில் மரவரி முறை வந்தது. கள் இறக்கும் ஒவ்வொரு மரமும் குறியிடப்பட்டு, கணக்கில் ஏறி, வரி கட்டியது. காலனிய ஆவணத்தில் மரம் உண்டு, கடை உண்டு, குத்தகைதாரர் உண்டு, வருவாய் உண்டு. மரத்தின் மேல் இருக்கிறவன் பெரும்பாலும் 'சாதி' என்ற தலைப்பின் கீழ்தான் அகப்படுகிறான். அவன் கையில் இருந்தது எந்தப் பத்தியிலும் விழவில்லை.

பிறகு நடந்தது நாம் அறிந்ததே. 1937 அக்டோபரில் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948ல் மாகாணம் முழுக்கப் பரவியது. 1971ல் கருணாநிதி ஆட்சியில் கடைகள் திறந்தன. 1973ல் கள்ளுக்கடையும் அடுத்த வருஷம் சாராயக்கடையும் மூடின. 1981ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி திறந்தன. 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் மறுபடி தடை. ஆனால் அந்தத் தேதியிலும் பிராந்தியும் பாட்டில் பீரும் தடையாகவில்லை. மில் சரக்கு சட்டத்துக்குள், மரத்துச் சரக்கு சட்டத்துக்கு வெளியே. 2003 நவம்பரிலிருந்து 'டாஸ்மாக்' மூலம் அரசே கடைக்காரர். கள்ளில் இருப்பது ஏறக்குறைய பீரில் இருக்கிற அளவு ஆல்கஹால்தான். ஆகவே இந்தப் பிரிவினையை 'ஒழுக்கம்' என்று நம்பச் சொல்வது கொஞ்சம் அதிகம். இப்படிச் சொல்வதால் குடிக்கு வக்காலத்து வாங்குவதாக யாரும் வாசிக்க வேண்டாம். குடி கெடுத்த வீடுகளை நானும் பார்த்தவன். என் கேள்வி வேறு: யாருடைய கை குற்றவாளிக் கை ஆக்கப்பட்டது?

இந்த வரலாறு நேர்கோடும் அல்ல. 1921ல் கள்ளுக்கு எதிராகத் தம் தென்னைகளை வெட்டச் செய்த பெரியார், பிற்காலத்தில் மதுவிலக்கையே எதிர்த்தார். மரமேறும் கிராமணி வகுப்பில் பிறந்த ம.பொ.சி.யோ மதுவிலக்கின் பக்கம் நின்றார்.

பனையில் நடுவில் நிற்பது சுண்ணாம்பு. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் வடிவது பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள். அதே மரம், அதே ஆள், அதே பாளை. ஒரு விரல் சுண்ணாம்பில் 'தொழில்' முடிந்து 'குற்றம்' ஆரம்பிக்கிறது. பெரியவரின் கலயங்களை ஒருமுறை வழித்துப் பார்த்துவிட்டு உடைத்தார்களாம். சுண்ணாம்பு பத்தலையாம். இடுக்கிக் கட்டையையும் பாளை அரிவாளையும் தொண்டிச் சாமானாக எடுத்துப் போனார்கள், திரும்பவில்லை. அதற்கப்புறம்தான் அவர் சித்தூருக்கு பஸ் ஏறியது. அங்கே அதே வேலைக்கு யூனியன் இருந்தது. கள்ளுத் தொழிலாளர் நலநிதிக்கென்று 1969லேயே சட்டம் இருந்தது. "மலைக்கு அந்தாண்ட போனா நான் தொழிலாளி, இந்தாண்ட வந்தா அக்யூஸ்டு" என்று சிரித்தார்.

ஏரிக்கரையில் இப்போது பனைகள் எண்ணிவிடலாம் போல இருக்கின்றன. 2021ல் ஊர் தாம்பரம் மாநகராட்சிக்குள் போயிற்று. சமீபத்தில் போனபோது அவர் இல்லை. ஈயத்தை மட்டும் உருக்கி எடுத்து எடைக்குப் போட்டுவிட்டதாக மருமகள் சொன்னார். எலும்பு கிணற்றடியில் கிடந்தது. வாளிக் கயிற்றைச் சுற்றி வைத்திருந்தார்கள்.