ஐ.சி.எஃப். ரயில் பெட்டி

ஐ.சி.எஃப். பெட்டி என்பது சென்னை பெரம்பூரிலுள்ள ரயில் பெட்டித் தொழிற்சாலையில் (ஐ.சி.எஃப்.) 1955 முதல் 2018 வரை உருவான, முழுவதும் எஃகாலான பயணிகள் பெட்டி வகை. 1,676 மி.மீ. அகலப் பாதையில் அரை நூற்றாண்டுக்கு மேல் இந்தியாவின் நெடுந்தொலைவு ரயில்கள் பெரும்பாலும் இதைக் கொண்டே ஓடின. உடற்கூட்டைச் சக்கரங்களின்மேல் எப்படி அமர்த்துவது என்ற கேள்விக்கு நாடு முழுவதற்கும் ஒரே விடையைத் தந்ததே இதன் பெருமை.

முன்வரலாறு

பிரிட்டிஷ் ஆட்சிக்காலப் பெட்டிகளில் எஃகு அடிச்சட்டத்தின்மேல் மரத்தாலான உடல் நின்றது. பளு முழுவதையும் அடிச்சட்டமே சுமந்தது. விபத்தில் மரம் நொறுங்கியது, தீயும் எளிதில் பற்றியது. ரயில்வே கம்பெனிகள் தத்தம் வரைபடப்படி வண்டிகளை வாங்கியதால், ஒன்றின் உதிரிபாகம் இன்னொன்றுக்குப் பொருந்தவில்லை. பொதுத் தரங்களை வகுக்க 1930இல் மத்திய தர நிர்ணய அலுவலகம் அமைந்தது. அதுவும் 1952இல் தோன்றிய ரயில்வே சோதனை ஆராய்ச்சி மையமும் 1957இல் ஒன்றாகி, லக்னோவைத் தலைமையிடமாகக் கொண்ட ஆர்.டி.எஸ்.ஓ. என்னும் ரயில்வே ஆராய்ச்சி, வடிவமைப்பு, தர அமைப்பு ஆயின.

தோற்றமும் உடற்கூடும்

சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவனத்துடன் எஃகுப் பெட்டிகளைக் கட்ட 1949இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1955 அக்டோபர் 2 அன்று பிரதமர் நேரு தொழிற்சாலையைத் தொடங்கிவைத்தார். இருக்கை, மின்வசதி ஆகியவற்றைப் பொருத்தும் பிரிவு 1962இல் திறக்கப்பட்டது.

புதிய பெட்டியில் அடிச்சட்டம், பக்கச் சுவர்கள், கூரை ஆகியவை ஒரே குழாய்போல் பற்றவைக்கப்பட்டு, பளுவைப் பகிர்ந்து சுமந்தன. உடல் நீளம் 21,337 மி.மீ.; பெட்டியைச் சுமக்கும் சக்கரச் சட்டங்களான இரு போகிகளின் மையங்களுக்கு இடையே 14,783 மி.மீ.

போகியின் அமைப்பு

இரண்டு அச்சுகளையும் நான்கு சக்கரங்களையும் தாங்கும் போகியில் அச்சுகளின் இடைவெளி 2,896 மி.மீ.; புதுச் சக்கரத்தின் விட்டம் 915 மி.மீ. பழைய தட்டு ஸ்பிரிங்குகளுக்குப் பதிலாகச் சுருள் ஸ்பிரிங்குகள் இரண்டு நிலைகளில் வந்தன.

உடற்கூட்டின் பளு 1,600 மி.மீ. இடைவெளியிலுள்ள இரு பக்கத் தாங்கிகளில் இறங்குகிறது. எண்ணெய்த் தொட்டிக்குள் இருக்கும் இத்தாங்கிகள், வளைவில் போகி திரும்பும்போது வழுக்கி இடம்கொடுக்கின்றன. அங்கிருந்து பளு போல்ஸ்டர் என்னும் குறுக்கு உத்திரத்துக்கும், அதன் கீழுள்ள ஸ்பிரிங்குகளுக்கும் செல்கிறது. அந்த ஸ்பிரிங்குகளைத் தாங்கும் கீழ்ப்பலகை, போகிச் சட்டத்திலிருந்து ஊசல்போல் தொங்குகிறது. பக்கவாட்டு அதிர்வை இது மட்டுப்படுத்துகிறது. கடைசியாக அச்சுப்பெட்டிக்கு மேலுள்ள ஸ்பிரிங்குகள் வழியாகப் பளு சக்கரத்தை அடைகிறது. இங்கே டேஷ்பாட் என்னும் எண்ணெய்க் குடுவைகள் துள்ளலை அடக்குகின்றன. நடுவிலுள்ள மையத் தண்டு செங்குத்துப் பளுவைத் தாங்குவதில்லை. இழுவிசையையும் பிரேக் விசையையும் கடத்துவதே அதன் வேலை.

தர நிர்ணயம்

குளிர்சாதனம் இல்லாத பெட்டிக்கு அச்சுக்கு 13 டன், குளிர்சாதனப் பெட்டிக்கு 16.25 டன் என இரு வகைப் போகிகள் வந்தன. இரண்டின் அடிப்படை அமைப்பும் ஒன்றே. பெட்டி முனையில் மோதலைத் தாங்கும் பஃபரின் உயரம் தண்டவாளத்திலிருந்து 1,105 மி.மீ.க்கு மேலும் 1,030 மி.மீ.க்குக் கீழும் போகக்கூடாது என்பது விதி. சக்கரம் தேயத்தேயப் பெட்டி தாழும் என்பதால், 13, 26, 38, 48 மி.மீ. தடிமன்களில் வளையங்களை ஸ்பிரிங் அடியில் வைத்து உயரத்தை மீட்டார்கள். பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் ஆனாலும் வங்காளத்தின் லிலுவா பணிமனையில் ஆனாலும் தொழிலாளி கையாண்டது ஒரே அளவு அட்டவணையைத்தான். சுவிஸ் வரைபடம் இந்தியப் பெட்டியாக வேரூன்றியது இந்த ஒழுங்கினால்தான்.

குறைகளும் மாற்றமும்

டேஷ்பாட் எண்ணெய்க் கசிவு, தேயும் இணைப்புகள், சக்கரப் பரப்பையே அழுத்தும் பிரேக் கட்டைகள் ஆகியவை ஓயாத பராமரிப்பைக் கேட்டன. பக்கப் பஃபரும் திருகு இணைப்பும் கொண்ட பெட்டிகள், விபத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் அபாயமும் இருந்தது.

ஜெர்மனியின் லிங்க்கே ஹோஃப்மான் புஷ் நிறுவனத்துடன் 1995இல் ஏற்பட்ட ஒப்பந்தம் எல்.எச்.பி. பெட்டியைக் கொண்டுவந்தது. அதன் ஃபியட் வகைப் போகியில் அச்சு இடைவெளி 2,560 மி.மீ.; அச்சுப்பெட்டியை ரப்பர் மூட்டுள்ள கரம் பிடித்திருப்பதால் அங்கே உராய்ந்து தேயும் பாகம் இல்லை. டிஸ்க் பிரேக்கும், ஏறிக்கொள்வதைத் தடுக்கும் மைய இணைப்பும் வந்தன. பெட்டி 23.54 மீட்டராக நீண்டதால், படுக்கை வகுப்பில் 72 இடங்கள் 80 ஆயின. வடிவமைப்பு வேகம் மணிக்கு 160 கி.மீ.

2018 ஜனவரியில் பெரம்பூரிலிருந்து கடைசி ஐ.சி.எஃப். வகைப் பெட்டி வெளியேறியது. அதே ஆண்டு அங்கு உருவான மின்தொடர் வண்டியான ‘ட்ரெயின் 18’, 2019 பிப்ரவரியில் வந்தே பாரத் என்ற பெயரில் ஓடத் தொடங்கியது. பழைய மின்தொடர் வண்டிகளில் மோட்டார் எடையில் ஒரு பகுதி ஸ்பிரிங்கின் துணையின்றி நேரே அச்சில் விழுந்தது. புதிய வண்டியில் மோட்டார் முழுவதும் போகிச் சட்டத்தில் தொங்குவதால் தண்டவாளம் வாங்கும் அடி குறைகிறது. உடற்கூடு காற்று ஸ்பிரிங்கில் அமர்கிறது. அயல்நாட்டு வரைபடத்தைக் கற்றுப் பெட்டி கட்டத் தொடங்கிய தொழிற்சாலை, தானே ஒரு முழு ரயிலை வடிவமைக்கும் நிலையை அறுபது ஆண்டுகளில் எட்டியது.