முகில் நீரின் அளவீடு: சுழல் உருளையும் சுடுகம்பியும்

முகிலிலுள்ள நீர்த்துளிகள் பூச்சியம் பாகையை அடைந்தவுடன் உறைந்துவிடுவதில்லை. அதற்குக் கீழே பல பாகை குளிர்ந்த பின்னரும் அவை திரவமாகவே மிதத்தல் கூடும். இத்தகைய மீக்குளிர்ந்த துளிகள் விமான இறக்கையின் முன்விளிம்பில் மோதியதும் பனிக்கட்டியாகப் படிகின்றன. எவ்வளவு படியும் என்பதைக் கணிப்பதற்கு, ஒரு கனமீற்றர் முகிலில் எவ்வளவு நீர் உண்டென்பது முதலில் தெரிதல் வேண்டும். அதுவோ பெரும்பாலும் ஒரு கிராமிற்கும் குறைவானது.

1940களில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள வாஷிங்டன் மலையுச்சி அவதான நிலையத்திற் கையாளப்பட்ட முறை வியக்கத்தக்க எளிமையுடையது. வெவ்வேறு விட்டமுள்ள உருளைகள் ஒரே அச்சிலே பொருத்தப்பட்டுச் சுழற்றப்பட்டன. படிந்த பனிக்கட்டி நிறுக்கப்பட்டது. சிறுதுளிகள் பல தடித்த உருளையைக் காற்றோடு விலகிச் செல்லும். மெல்லிய உருளையிலோ மோதிவிடும். பெருந்துளிகள் சடத்துவங் காரணமாக இரண்டிலும் மோதும். எனவே உருளைகளிற் படிந்த திணிவுகளை ஒப்பிட்டு நீரின் அளவையும் துளியின் பருமனையும் ஒருங்கே பெறலாம். இதற்கு வேண்டிய துளிப்பாதைக் கணிப்பை இர்விங் லாங்மியூரும் கதரின் புளொட்ஜெற்றும் 1946இல் அளித்தனர். 'நாக்கா' எனப்பட்ட அமெரிக்க வானூர்தியியல் ஆலோசனைக் குழு இதே முறையை விமானங்களிற் பயன்படுத்தித் திரட்டிய தரவுகள் பின்னர் விமானச் சான்றிதழ் விதிகளுக்கு அடிப்படையாயின.

ஆயின், உறையும் நீர் வெப்பத்தை வெளிவிடும். நீர் மிகும்போது அவ்வெப்பம் முழுவதையுங் காற்று அகற்றமாட்டாது. ஒரு பகுதி உறையாமலே வழிந்தோடும். நிறுவையில் அது சேராது. 1951இல் பிராங்க் லட்லம் இவ்வெல்லையைக் கணித்துக் காட்டினார். நீர் மிகுந்த முகிலே குறைத்து அளக்கப்பட்டதென்பது கவனிக்கத்தக்கது. மேலும், உருளைகள் தருவது சராசரிப் பருமனையே. சிறுதொகைப் பெருந்துளிகள் அதனுள் மறைந்துவிடும்.

துளிகளை ஆவியாக்கச் செலவாகும் மின்வலுவைக் கொண்டு நீரை அளக்கும் சுடுகம்பிக் கருவிகள் உறைதற் சிக்கலை நீக்கின. 1978இல் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த கிங்கும் சகபாடிகளும் விவரித்த கருவி, கம்பியின் வெப்பநிலையை மாறாது பேணுவது. எனினும் பெருந்துளிகள் கம்பியில் மோதிச் சிதறி, முற்றாக ஆவியாகுமுன் காற்றால் அடித்துச் செல்லப்படுகின்றன. பழைய குறை வேறு வழியால் மீண்டும் புகுந்ததென்றே கொள்ளவேண்டும்.

1994 ஒக்ரோபர் 31இல் இந்தியானா மாநிலத்து ரோஸ்லோன் அருகே ஏ.ரி.ஆர். 72 விமானமொன்று வீழ்ந்து, அதிலிருந்த 68 பேரும் மாண்டனர். பனிக்கட்டியை உடைத்தற்கென இறக்கையிற் பொருத்தப்பட்ட இறப்பர் உறைகளுக்குப் பின்னால், மீக்குளிர்ந்த பெருந்துளிகளாற் பனிமேடு உருவாகியிருந்தது. அன்றைய விதிகள் கருதிய சராசரித் துளிவிட்டமோ 50 மைக்குரோமீற்றரைத் தாண்டவில்லை. பெருந்துளிகளையும் உள்ளடக்கிய விதி அமெரிக்காவில் 2014இலேயே வெளியாயிற்று.