அசைவும் நினைவும்: காவிரிப் படுகையில் முதுமை

தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்த பெருமகன் என்பதை நாம் அறிவோம். அவர் நிறுவிய தன்வந்திரி மகால் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. சித்தம், ஆயுர்வேதம், மேலை மருத்துவம் ஆகியவற்றோடு யூனானி மருத்துவமும் அங்கே ஒரே கூரையின் கீழ் இடம்பெற்றது. கிரேக்கத்தில் தோன்றி, பக்தாதில் அரபு மொழிக்கு வந்து, பாரசீகம் வழியாக இந்தியாவை அடைந்த மருத்துவம் அது. காவிரிக் கரையில் அதற்கு ஓர் அரண்மனை இருக்கை கிடைத்ததை வரலாற்றின் இனிய தற்செயல்களுள் ஒன்றாகவே நாம் கருதுகிறோம்.

யூனானி மருத்துவம் உடல்நலத்துக்கு இன்றியமையாதன என ஆறினைக் கூறுகிறது. காற்று, உணவும் நீரும், உறக்கமும் விழிப்பும், கழிவுகளின் வெளியேற்றமும் தேக்கமும் ஆகிய நான்கு நமக்கு வியப்பளிப்பவை அல்ல. எஞ்சிய இரண்டே நம் கவனத்துக்கு உரியவை. ஒன்று உடலின் அசைவும் ஓய்வும். மற்றொன்று உள்ளத்தின் அசைவும் ஓய்வும். உள்ளத்துக்கும் ஓர் அசைவு உண்டு என்று கண்டு, அதனை உடலின் அசைவுக்கு அருகே வைத்த அந்தப் பகுப்பு ஆழ்ந்த நோக்குடையது.

அறிஞர் இப்னு சீனா (980–1037) தம் ‘அல்கானூன்’ நூலின் முதற்பகுதியில் உடற்பயிற்சிக்கு விரிவான இடம் தந்துள்ளார். மூச்சு ஆழ்ந்தும் விரைந்தும் தொடரும்படி மனிதன் விரும்பிச் செய்யும் அசைவே பயிற்சி என்பது அவர் வகுத்த இலக்கணம். ‘விரும்பி’ என்னும் சொல்லை நாம் தவறவிடலாகாது. முதியோருக்கெனத் தனிப் பகுதி ஒன்றும் அந்நூலில் உண்டு. மிதமாகத் தேய்த்துவிடுதல், உடல் இடங்கொடுத்தால் நடத்தல் அல்லது சவாரி செய்தல் என அவர் அளவோடு விதிக்கிறார். நினைவாற்றல் மூளையின் பின்னறையில் உறைகிறது என்பது அவர் காலத்துக் கொள்கை. அது இன்று ஏற்கப்படுவதில்லை. ஆயினும் முதுமைக்கு ஓய்வு மட்டுமே மருந்து என்று அவர் சொல்லவில்லை என்பது நினைக்கத்தக்கது.

அதே தஞ்சை அரசவையில் மற்றொரு கலையும் வளர்ந்துகொண்டிருந்தது. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் சகோதரர் நால்வர் சதிர் ஆட்டத்தின் பயிற்சி முறையையும் அரங்க வரிசையையும் ஒழுங்குபடுத்தினர். இன்றைய பரதநாட்டியக் கச்சேரி பெரிதும் அவர்கள் இட்ட பாதையிலேயே செல்கிறது. கால் தாளத்தைத் தாங்க, கை பொருளைச் சொல்ல, செவி பாட்டைத் தொடர, அடுத்து வரும் கோவையை மனம் முன்னரே எண்ணியாக வேண்டும். உடலின் அசைவும் உள்ளத்தின் அசைவும் இவ்வளவு நெருங்கிப் பிணைந்த பயிற்சி வேறொன்று உண்டா என்பது ஐயமே. மருத்துவரும் நட்டுவனாரும் ஒருவரையொருவர் கலந்துகொண்டதாக நாம் படித்ததில்லை.

அந்தக் கலப்பை நிகழ்த்தியது நியூயார்க் நகரின் ஓர் ஆய்வு எனலாம். 75 வயதைக் கடந்த 469 பேரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஜோ வர்கீஸ் குழுவினர் 2003ஆம் ஆண்டு தம் முடிவை வெளியிட்டனர். அவர்கள் கணக்கில் கொண்ட உடலியக்கங்களுள் நடனம் ஒன்றே மறதிநோயின் வாய்ப்பு குறைந்திருந்ததோடு தொடர்புற்று நின்றது. வெறும் நடை அவ்வாறு நிற்கவில்லை.

நடைக்கு நற்சான்று 2011ஆம் ஆண்டில் வந்தது. அமெரிக்காவில் 120 முதியோரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் ஓராண்டு முழுதும் வாரம் மூன்று நாள் நடந்தனர். மற்றவர் தசைகளை நீட்டும் எளிய பயிற்சிகளைச் செய்தனர். நடந்தோரின் மூளையில் நினைவுக்கு உரிய ‘ஹிப்போகாம்பஸ்’ பகுதி ஏறத்தாழ 2 விழுக்காடு பெருத்தது. மற்றவர்க்கு அது சுருங்கியது. இதைக் கண்டதும் மருந்து கிடைத்துவிட்டதென்று துள்ளுவதற்கில்லை. இங்கிலாந்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை 28 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வொன்று 2017இல் வேறு செய்தி சொன்னது: மறதிநோய் கண்டறியப்படுவதற்கு ஒன்பது ஆண்டுகள் வரை முன்னரே நோயாளியின் உடலியக்கம் குறையத் தொடங்குகிறது. அசையாமையால் நோய் வந்ததா, நோயால் அசையாமை வந்ததா என்று பிரித்தறிவது எளிதன்று. எனினும் இதயத்துக்கும் இரத்தக் குழாய்க்கும் நல்லது மூளைக்கும் நல்லது என்ற அளவில் அறிஞர் பலரும் உடன்படுகின்றனர்.

இனி நம் வயலுக்கு வருவோம். காவிரிப் படுகையில் உடற்பயிற்சி என்று தனியே ஒன்று இருந்ததில்லை. நாற்றுப் பறித்தல், நடவு, களையெடுப்பு, அறுப்பு, தலைச்சுமையாகக் கட்டுகளைக் களம் சேர்த்தல் என்று ஆண்டு முழுதும் உடல் அசைந்தது. குனிந்தே நட்ட பெண்களின் இடுப்பும் முழங்காலும் என்ன ஆயின என்பதை மறந்துவிட்டு அந்த வாழ்வைப் புகழ்வது அநீதி. அது பசிக்காகச் செய்த உழைப்பு. இப்னு சீனாவின் ‘விரும்பி’ என்னும் சொல் அதற்குப் பொருந்தாது.

ஆனால் அங்கே முதியவருக்கென ஒரு வேலை இருந்தது. விடியலில் வயலைச் சுற்றி வருவார். ஓரடி அகல வரப்பில், சேற்றில் வழுக்காமல் நடப்பது உடலின் சமநிலைக்குச் சோதனை. எந்த மடையைத் திறப்பது, யாருடைய வயலுக்கு முறை, எங்கே நண்டு துளையிட்டு நீர் கசிகிறது என்பன நினைவுக்கும் கணிப்புக்கும் சோதனை. நடவுப் பெண்கள் பாட்டோடு நட்டதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் உடலும் மனமும் ஈடுபடும் இத்தகைய செயல்களை இன்றைய ஆய்வாளர் தனித்து ஆராய்கின்றனர். பேச்சுக் கொடுத்தால் நடையை நிறுத்திவிடும் முதியோர் பின்னர் விழுந்துவிடும் வாய்ப்பு மிகுதி என்று சுவீடன் நாட்டு ஆய்வொன்று 1997இலேயே காட்டியது. பொலிவியக் காடுகளில் நெல்லும் வாழையும் பயிரிட்டும் வேட்டையாடியும் வாழும் சிமானே மக்களிடையே 60 வயதைக் கடந்தோரில் மறதிநோய் ஏறத்தாழ ஒரு விழுக்காடே என 2022இல் கண்டனர். இந்தியாவில் அது 7.4 விழுக்காடு, அதாவது 88 இலட்சம் பேர் என்பது 2023இல் வெளியான மதிப்பீடு. காரணங்கள் பல என்பதால், இவ்வேறுபாட்டை அசைவு ஒன்றன் மேல் ஏற்றிவிட இயலாது.

இன்று அறுப்பு இயந்திரத்திடம் போயிற்று. நடவிலும் ஒரு பகுதி அவ்வழியே செல்கிறது. கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், நாகூர் போன்ற ஊர்களின் பிள்ளைகள் கடல் கடந்து பொருளீட்டி அனுப்புகின்றனர். பெற்றோர் நல்ல வீட்டில், தொலைக்காட்சி முன் அமர்ந்திருக்கின்றனர். ‘அத்தா, நீங்க ஏன் நடந்து போறீங்க, ஆட்டோ வச்சுக்குங்க’ என்னும் அன்பில் குறை காண முடியுமா? அந்த அன்பே கால்களைக் கட்டிப்போடுவதைத்தான் நாம் காண்கிறோம். பள்ளிவாசல்களில் நாற்காலிகள் பெருகிவருவதையும் கவனிக்கிறோம். முடியாதவர்க்கு அது சலுகை, அதில் வழக்கில்லை. ஆயினும் தரையில் அமர்ந்து, கையூன்றி எழும் ஆற்றல், ஒருமுறை விட்டால் முதுமையில் எளிதில் மீள்வதன்று. முடிந்தவரும் முன்னெச்சரிக்கையாக நாற்காலியை நாடுவதே நமக்குக் கவலை தருகிறது.

உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கத்தையும், முதியோருக்கு வாரம் மூன்று நாளேனும் சமநிலைப் பயிற்சியையும் பரிந்துரைத்தது. நம் முதியோர் பலருக்கு இந்தக் கணக்கு அந்நியமாகவே ஒலிக்கும். மூட்டுவலியும் இதயநோயும் உள்ளவர் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

மேட்டூர் அணையைச் சூன் 12இல் திறப்பது மரபு. கல்லணையைக் கடந்து, ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் பிரிந்து, கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேரப் பல நாட்கள் ஆகும். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்ட முதியவர்கூட அந்நாட்களில் மாலைதோறும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்க ஆற்றங்கரைக்கு நடக்கிறார். திரும்பும் வழியில் எதிர்ப்படுவோர்க்கெல்லாம் சென்ற ஆண்டு எந்தத் தேதியில் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்கிறார்.