ஜக்கார்டு: ஒரு 'டு' வந்த வழி

சென்னிமலைப் போர்வையில் பூ எப்படி விழுகிறது என்று நெசவாளரைக் கேட்டால், தறிக்கு மேலே கை காட்டுவார். அங்கே இருப்பது ஜக்கார்டு பெட்டி.

பிரான்சின் லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்காரின் (1752–1834) பெயர் அது. பிரெஞ்சில் அப்பெயரின் கடைசி எழுத்து ஒலிப்பதில்லை. எழுத்தைப் பார்த்து உச்சரித்த ஆங்கிலேயர் வாயில் அது 'ட்' ஆனது. வல்லின மெய்யில் சொல்லை முடிக்காத தமிழ், ஓர் உகரம் சேர்த்து 'டு' ஆக்கிக்கொண்டது. சொல் இங்கிலாந்து வழியாக வந்தது என்பதற்கு அந்த 'டு'வே சாட்சி.

பெயரைவிடப் பொருள் மூத்தது. 1725-இல் பூஷோன் என்பவர் துளையிட்ட காகிதச் சுருளைக் கொண்டு தறியின் நூல்களைப் பிரித்தார். சில ஆண்டுகளில் ஃபால்கோன் என்பவர் சுருளுக்குப் பதிலாக அட்டைகளைக் கோத்தார். குழலூதும் இயந்திரப் பொம்மை செய்து 1738-இல் பாரிஸை வியக்கவைத்த வோகான்சோன், 1741-இல் பட்டாலைகளின் ஆய்வாளராகி, தானாக இயங்கும் தறி ஒன்றைச் செய்தார். பாரிஸ் காட்சியகத்தில் கிடந்த அந்தத் தறியைப் பார்த்துத்தான் ஜக்கார் 1804-இல் தன் கருவியை முடித்தார்.

வேலை எளிது. ஊடை எனும் குறுக்கு நூல் ஒருமுறை ஓட ஓர் அட்டை. துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும். அதன் கொக்கி பாவு எனும் நெடுக்கு நூலைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைப் பின்னே தள்ளும்; அந்த நூல் கீழேயே கிடக்கும். மிதியை மிதித்தால் அடுத்த அட்டை வந்து நிற்கும். பூவின் உருவம் முழுவதும் துளைகளாக அட்டையில் இருக்கிறது.

கவனியுங்கள்: பெட்டிக்குத்தான் பிரெஞ்சுப் பெயர். அட்டை, ஊசி, கொக்கி எல்லாம் நம் சொற்கள். அதன் கீழே பாவு, ஊடை, விழுது, மிதி. தறி என்பதற்கே நட்ட கட்டை என்று பழம்பொருள் உண்டு. யானை கட்டும் தூணும் கட்டுத்தறிதான். வந்த கருவியைக் கைக்குள் கொண்டுவர, நெசவாளர் அதன் உறுப்புகளுக்குத் தம் வீட்டுச் சொற்களையே கொடுத்துவிட்டார்.

நால்வர் உழைப்பில் ஒருவர் பெயரே நிலைத்தது. போர்வையிலும் ஊர்ப் பெயர் நிற்கிறது, நெய்தவர் பெயர் இல்லை. அவர் சொற்களாவது நிற்கட்டும். தறிச்சத்தம் ஓயுமுன், அகராதி எழுதுகிறவர்கள் தறிக்குழி ஓரம் வந்து உட்கார்ந்து கேட்க வேண்டும்.